எனக்கு வாசித்துக் காட்டிய குரல்

முதலில் போனது ஓரங்கள்தான். காரைக்காலில் ஓர் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருக்கிறேன். முன்வரிசைக் கோடியில் உட்கார்ந்திருக்கும் பெண் கையைத் தூக்கினால் எனக்குத் தெரியாது. 'மிஸ்' என்று அவள் இரண்டாவது முறை கூப்பிடும்போதுதான் திரும்புவேன். வீட்டில் கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டே இருக்கும். குரும்பகரத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது, களத்தில் காயப்போட்டிருந்த நெல்லை மிதித்துக்கொண்டு நடந்து அண்ணனிடம் திட்டு வாங்கினேன். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிளாகோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டதாம். "போன பார்வையத் திருப்ப முடியாதும்மா. இருக்குறதக் காப்பாத்தப் பாக்குறோம்," என்றார் டாக்டர். அவரும் முயன்றார், நானும் சொட்டு மருந்தைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் இருந்ததும் போயிற்று. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பெரிய கஷ்டம் இல்லை. பாடம் எனக்கு மனப்பாடம். பிள்ளைகள் வாசிப்பார்கள், நான் திருத்துவேன். கரும்பலகையில் எழுத எப்போதும் நாலைந்து பேர் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தலைமையாசிரியை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. என்னை முடக்கியது வேறொன்று. கல்லூரி முடித்த நாளிலிருந்தே வீட்டில் நான் மொழிபெயர்ப்பு வேலையும் பார்த்து வந்தேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாமார், அவர்களுடைய பிள்ளைகள், அங்கே கல்யாணம் செய்து கொடுத்த பெண்கள் என்று யாருக்காவது ஏதாவது காகிதம் வந்துகொண்டே இருக்கும். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பதிகிற இடத்துக்கு எங்கள் பக்கம் இன்றும் எத்தாசிவில் என்றுதான் பேர். அந்தக் காகிதங்களைத் தமிழில் சொல்வதும், இவர்கள் சொல்வதைப் பிரெஞ்சில் எழுதுவதும் எனக்குப் பிடித்த வேலை. ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் மேசை வழியாகப் போகும். அது நின்றுபோனது.

என் கணவர் மின்சாரத் துறையில் வேலை பார்ப்பவர். பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வந்த காகிதங்களை எழுத்து எழுத்தாக எனக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார்.

"ஈ. அதுக்கு மேல ஒரு கோடு சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"என் பக்கம்."

"உங்க பக்கம்னா எனக்கு எப்புடிங்க தெரியும்?"

ஒரு பக்கம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிடும். அவர் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார். கொஞ்ச நாளில் அந்தக் காகிதங்களைக் கொண்டுவந்தவர்களிடம், "வேற யார்கிட்டயாச்சும் குடுங்க," என்று நானே சொல்லி அனுப்ப ஆரம்பித்தேன்.

வங்கியில்தான் விஷயம் மாறியது. என் கையெழுத்து கோணிப்போய்ப் பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "கைநாட்டு வச்சுடலாங்க மேடம். உங்களுக்கும் சுலபம்." எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்குக் கைநாட்டா? என் கணவரின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. அவருக்கும் அதே நினைப்புதான் என்று புரிந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சார், கைநாட்டெல்லாம் வேண்டாம். நானே கையெழுத்துதானே போடுறேன்? புதுக் கையெழுத்து வாங்கிக்குங்க." தரையில் ஒரு கோல் தட்டும் சத்தம் கிட்டே வந்தது. அந்த வங்கியில் வேலை பார்க்கும் அவருக்கும் பார்வை கிடையாது. நடுவில் நீளமாக வெட்டிய ஓர் அட்டையை என் கையில் கொடுத்தார். அந்தப் பிளவுக்குள் எழுதினால் கோடு ஏறாது, இறங்காது. என் பெயரை எழுதினேன். "அழகா இருக்குங்க மேடம்," என்றார் கவுன்டரில் இருந்தவர். உண்மையா, மனசுக்காகச் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு அன்று அது போதும்.

கோல்காரர் எங்களைத் தன் இருக்கைக்கு அழைத்துப் போனார். "நம்ம ஊரு பட்டினச்சேரிங்க. மீன்புடிக் குடும்பம். பொறந்ததுலேர்ந்தே பார்வை இல்ல. கடல்ல எறங்க முடியல, கம்ப்யூட்டர்ல எறங்கிட்டேன்," என்று சொல்லிச் சிரித்தார். ஒரு ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். உள்ளே ஏதோ கடகடவென்று ஓடியது. தையல் மிஷின் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

"என்னாங்க இது?"

"பேசுது டீச்சர். திரையில இருக்குறத வாசிக்குது. நான் கொஞ்சம் வேகமா வச்சிருக்கேன், இருங்க." ஏதோ விசையை அழுத்தினார். கடகட சத்தம் மெதுவாகி வார்த்தைகளாகப் பிரிந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரி அது. என் வாழ்க்கையில் அவ்வளவு சாதாரணமான ஒரு வரியை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் கல்லூரிக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய கணினி ஒன்று துணி மூடிக் கிடந்தது. அதில் அந்தத் திரைவாசிப்பானை ஏற்றினார். என் கணவருக்குச் சந்தேகம்.

"சும்மாவா குடுக்குறாங்க? சும்மா குடுக்குறாங்கன்னா நம்மகிட்டேர்ந்து எதயாச்சும் எடுத்துக்குவாங்களே தம்பி?"

"இத எழுத ஆரம்பிச்சவங்களும் எங்கள மாதிரி பார்வையில்லாதவங்கதான் சார். வெலைக்கு விக்கிறத எல்லாராலயும் வாங்க முடியல, நாமளே செஞ்சுடுவோம்னு செஞ்சிருக்காங்க. இப்ப எல்லா நாட்டுலேர்ந்தும் ஆளுங்க சேந்து எழுதுறாங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்." பிறகு மேசையைத் தடவி மவுஸைக் கண்டுபிடித்து, கழற்றி, என் கணவர் கையில் கொடுத்தார். "இத பீரோல வச்சுடுங்க சார். டீச்சருக்கு இனிமே தேவப்படாது."

அன்று மாலையே வாசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்குத் தட்டச்சே தெரியாது. எப்போதும் கையால் எழுதித்தான் பழக்கம். ஒவ்வொரு விசையாக அழுத்த, குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது. திரையில் எங்கே இருக்கிறேன், எந்தப் பெட்டி திறந்திருக்கிறது, எதை மூடினேன் ஒன்றும் புரியாது. தமிழ்க் குரல் சளி பிடித்தவன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசிப்பது போல இருந்தது. 'வாழைப்பழம்' என்பதை அது சொன்ன விதத்தைக் கேட்டு என் கணவர் அடுக்களையிலிருந்து சிரித்தார். ஒரு நாள் மாலை நான் எழுதியது முழுவதும் எங்கேயோ காணாமல் போய், ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டினச்சேரிக்காரருக்குப் போன் செய்தேன்.

"எனக்கு இது வராதுங்க. நீங்க பொறந்ததுலேர்ந்து பழகுனவங்க. நான் இத்தன வயசுக்கு அப்பறம்..."

"டீச்சர், உங்க கிளாஸ்ல பிள்ளைங்க மொத நாளே பிரெஞ்சு பேசிடுறாங்களா?"

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்றேன். "எடுத்துக் காதுல மாட்டுங்க. இப்ப என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லுங்க," என்றார். தரையில் தடவி ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டினேன். காணாமல் போனது ஒன்றுமே இல்லை. நான் வேறொரு பெட்டியில் நின்றுகொண்டு தேடியிருக்கிறேன்.

அப்படிப் பழகியதுதான். கல்வி அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகளைத் திறந்தால் முதலில் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக் கலைத்தது போல ஏதோ கேட்கும். அது பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் என்றும், கண்ணுக்குத்தான் தமிழாகத் தெரியும், உள்ளே தமிழ் இல்லை என்றும் அவர்தான் விளக்கினார். எங்கள் பள்ளி அலுவலக உதவியாளரிடம் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் யூனிகோடில் மாற்றியே எனக்கு அனுப்புவாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

பிரெஞ்சுக் குரலை நானே கண்டுபிடித்தேன். கணினியின் அமைப்புகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது மொழிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே போய் பிரெஞ்சில் நிறுத்தினேன். ஏதோ ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தேன். யாரும் பக்கத்தில் இல்லாமல், யாரும் எழுத்துக் கூட்டாமல், ஒரு பிரெஞ்சு வாக்கியம் தலையிலிருந்து கால்வரை என் காதுக்குள் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. நான் விம்முவதைக் கேட்டு என் கணவர் ஓடி வந்தார்.

"என்னாச்சு? என்னா சொல்லுது?"

"ஏதோ ஒரு ஊருல ரொட்டிக்கடைய மூடப் போறாங்களாம்."

"அதுக்கா அழுவுற?"

அதற்குத்தான் அழுதேன். அந்த ரொட்டிக்கடைக்காரருடைய வருத்தத்தை நானாகவே தெரிந்துகொண்டேன் என்பதற்காக அழுதேன்.

மொழிபெயர்ப்பு மறுபடி தொடங்கியது. தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் மாற விசைகளை அமைத்து வைத்துக்கொண்டேன். வரும் காகிதங்களை என் கணவர் போனில் படம் எடுத்து எழுத்தாக மாற்றித் தருவார். இப்போது எந்தக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற சண்டை இல்லை.

இதை எல்லாம் சொன்னதே, அடுத்து நடந்ததைச் சொல்வதற்காகத்தான்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நோன்புக் காலத்தில் தினமும் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கில் கஞ்சி வந்துவிடும். கணவர் காலமாகிவிட்டார், மருமகளோடு இருக்கிறார், மகனுக்குத் துபாயில் வேலை. அவருடைய தந்தை பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தவர். அதனால் அக்காவின் ஒரே தம்பி வாலிபத்திலேயே பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே சந்தையில் கடை வைத்திருந்தார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை. மனைவியும் இறந்த பிறகு தனியாக இருந்தார். அக்காவோடு வாரத்துக்கு ஒரு முறை போனில் பேசுவார். அந்தப் போன் திடீரென்று நின்றுபோயிற்று.

ஒரு நாள் துபாயிலிருந்து அக்காவின் மகன் என்னைக் கூப்பிட்டான். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவருடைய பைக்குள் இருந்த ஒரு சீட்டிலிருந்து தன் மின்னஞ்சல் முகவரியை எடுத்து அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள் என்றான். குரல் தழுதழுத்தது.

"உங்களுக்கு அனுப்பிட்டேன் டீச்சர். உம்மா உங்க வீட்டுக்கு வருவாங்க, வாசிச்சுச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு..." தயங்கினான். "நான் போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன். சரியாப் புரியல. ஆனா அதுல லதான்னு ஒரு பேரு வருது. மாமா திரும்பத் திரும்ப அந்தப் பேரத்தான் சொல்றாராம். அது யாருன்னு கேக்குறாங்க. எங்களுக்கு அப்புடி யாரையும் தெரியாது. அது மட்டும் உம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டீச்சர். இந்த நேரத்துல அவங்க தாங்க மாட்டாங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அக்கா வருவதற்குள் வாசித்துவிடலாம் என்று கணினியைத் திறப்பதற்குள் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"தம்பிக்கு முடியலயாம் டீச்சர். என்னான்னு வாசிச்சுச் சொல்லுங்க," என்று என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய மூச்சு இரைத்தது. நடந்து வரவில்லை, ஓடி வந்திருக்கிறார்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வழக்கமாக அக்கா ஏதாவது காகிதத்தோடு வந்தால் ஒலிபெருக்கியில்தான் கேட்போம். அன்று முடியவில்லை. பிரெஞ்சுக் குரலுக்கு மாற்றி வாசிக்க விட்டேன்.

எழுதியிருந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். அன்பான எழுத்து. நோயாளி உயிருக்கு ஆபத்தைத் தாண்டிவிட்டார், வலது பக்கம் பலவீனமாக இருக்கிறது, பிரெஞ்சில் எது கேட்டாலும் பதில் இல்லை என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் அவர் அர்த்தமில்லாத ஓசைகளை எழுப்புகிறார் என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒரே ஓசைகள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒலிப்பதிவு செய்து வெளியே அனுப்ப எங்கள் விதிகள் இடம் கொடுக்காது, அதனால் என் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறேன், உங்கள் மொழியில் இவற்றுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று கேட்டிருந்தார்.

அதுவரை அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். "உசுருக்கு ஒண்ணும் இல்லக்கா. பேச்சுதான் வரல." அக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"மிக அதிகமாகச் சொல்வது இது," என்றது குரல். பிறகு, "லத்தா."

நான் நிறுத்தினேன். பின்னால் போய் மறுபடி கேட்டேன். லத்தா. எழுத்து எழுத்தாகக் கேட்டேன்: l, a, t, a. மகன் தன் கண்ணால் பார்த்த அதே நாலு எழுத்துதான். கண்ணுக்கு அது லதா. ஆனால் பிரெஞ்சுக் குரல் அதை லதா என்று சொல்லவில்லை. லதாவில் வரும் மெல்லிய ஓசையைக் கேட்டிருந்தால் அந்தப் பெண் t-க்குப் பதிலாக d போட்டிருப்பார். பிரெஞ்சுக்காரர்களின் காதுக்கு அது வேறு, இது வேறு. அவர் கேட்டது அழுத்திச் சொன்ன 'த்தா'. முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டினால்...

அக்காவிடமே கேட்டுவிட வேண்டும்.

"அக்கா, தம்பி உங்கள எப்புடிக் கூப்புடுவார்?"

"எப்புடிக் கூப்புடுவான்? லாத்தான்னுதான்."

எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். எத்தனையோ முறை கேட்ட சொல். காகிதத்தில் பார்த்திருந்தால் எனக்கும் அது லதாவாகத்தான் தெரிந்திருக்கும்.

ஹெட்போனைக் கழற்றி ஒலிபெருக்கியைப் போட்டேன். "கேளுங்கக்கா," என்று விசையை அழுத்தினேன். அறையில் அந்த இயந்திரக் குரல் சொன்னது: லத்தா.

அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். "இது ஆரு பேசுறது?" என்றார் மெதுவாக.

"கம்ப்யூட்டர்தாங்க்கா. தம்பி சொல்றத அங்க ஒரு அம்மா காதால கேட்டு எழுதி அனுப்பியிருக்காங்க. இது அத வாசிக்குது. அவர் அங்க இதத்தான் ஓயாம சொல்றாராம்."

"என்னயத்தான் கூப்புடுறான்," என்றார் அக்கா. "எந்தம்பி என்னயத்தான் கூப்புடுறான் டீச்சர்." என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் கதவருகே வந்து நிற்பது தெரிந்தது.

பிறகு ஒவ்வொரு ஓசையாகக் கேட்டோம். 'தனி' என்றது குரல். "தண்ணி!" என்றார் அக்கா. 'குலுருது' என்றது. "ஐயோ, குளுருதுங்குறான், போத்திவிடச் சொல்லுங்க." 'பஸியாரா' என்பதில் நான் கொஞ்சம் தடுமாறினேன். பிரெஞ்சுக் குரல் 'ர'வைத் தொண்டையில் உருட்டியது. அக்காவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "பசியாற! காலையில சாப்புடுறத நாங்க அப்புடித்தானே சொல்லுவோம்? பசிக்குது அவனுக்கு. அவங்க என்னா குடுக்குறாங்களோ."

கடைசியாக ஒன்று இருந்தது. 'ஸபரூ புதும்.' அதைப் பலமுறை கேட்டோம். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கடிதத்தை மூடப் போனேன்.

"இருங்க," என்றார். "சபரு. பயணம்னு அர்த்தம். அயல்நாட்டுக்குப் பொழைக்கப் போறதச் சொல்றது. எங்க வாப்பா சொல்லுவாங்க." இன்னொரு தரம் வாசிக்க வைத்துக் கேட்டார். "சபரு போதும்ங்குறான்."

அன்று மாலை நான் பதில் எழுதினேன். முதலில், இவை அர்த்தமில்லாத ஓசைகள் அல்ல, உங்கள் காது மிகச் சரி என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதினேன். லத்தா என்பது பெயரல்ல, மூத்த சகோதரி, அவர் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினேன்.

பிறகு அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. "அந்தம்மா நம்ம பேச்சுல அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசுனா நல்லாருக்குமே டீச்சர்." எழுதி அனுப்பலாம், ஆனால் பிரெஞ்சுப் பெண் அதை எப்படி உச்சரிப்பார்? அதற்கு ஒரு வழி எங்கள் மேசையிலேயே இருந்தது. 'வலிக்குதா' என்ற சொல்லைப் பிரெஞ்சு எழுத்துகளில் ஒரு விதமாக எழுதி, பிரெஞ்சுக் குரலை வாசிக்கச் சொன்னேன். "இல்ல, இது வேற மாதிரி இருக்கு," என்றார் அக்கா. எழுத்தை மாற்றினேன். "இன்னும் கொஞ்சம் இழுக்கணும்." மறுபடி மாற்றினேன். "ஆங், இது சரி. இப்ப நம்ம ஊரு மாதிரி இருக்கு." தண்ணி வேணுமா, குளுருதா, வலிக்குதா, பசியாறலாமா, லாத்தா கேட்டாங்க. எல்லாவற்றையும் இப்படியே அக்காவின் காது ஒப்புக்கொள்ளும்வரை மாற்றி மாற்றி எழுதினோம். பிரெஞ்சுக்காரி ஒருத்தி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காரைக்கால் தமிழ் பேசிப் பழகுவது போல இருந்தது. இடையில் ஒன்றிரண்டைக் கேட்டு அக்கா சிரிக்கவும் செய்தார்.

துபாய்க்குப் போன் போட்டோம். "அப்ப லதான்னு யாரும் இல்லயா?" என்று அவன் கேட்டுவிட்டான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"லதாவா? எந்த லதா?" என்றார் அக்கா.

நான் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா மகனைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பியப் பத்தி என்னாடா நெனச்சே நீ? அவன் ஹயாத்தோட உசுரோட இருக்கான், அதுக்குள்ள ஒரு பொம்பள பேரு கட்டிவிடுறியா?" என்று கத்தினார். அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

பதில் சீக்கிரமே வந்தது. அந்தப் பெண் மறுநாள் காலை தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, நாங்கள் எழுதியபடியே 'பசியாறலாமா' என்று கேட்டாராம். தம்பி வெகுநேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு இடது கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். அதுவரை ஊட்டினாலும் வாயைத் திறக்காதவர். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குப் பின்னால் கற்ற மொழி மறைந்து, முதலில் பேசிய மொழி மட்டும் நிற்பது உண்டு என்றும், இனி அந்த வழியாகவே அவரை அழைத்து வரலாம் என்றும் எழுதியிருந்தார். அக்கா அதை மூன்று தரம் வாசிக்க வைத்துக் கேட்டார்.

அப்படியே போயிற்று. அந்தப் பெண் எழுதுவார், நாங்கள் கேட்போம், பதில் எழுதுவோம். கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் கூடின. வீடியோவில் பேச ஏற்பாடு செய்தார்கள். லாத்தாவைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மருமகள் வந்து சொன்னாள். அடுத்தடுத்த அழைப்புகளில் பேசினார். தமிழின் பின்னால் பிரெஞ்சும் தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தது. கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், அக்காவின் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அவரை ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்த சில நாள்களில் அக்காவும் தம்பியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவருடைய காலடி எனக்குக் கேட்டது. ஒரு கோல், ஒரு அடி, இழுத்துவைக்கும் இன்னொரு அடி. என் முன்னால் வந்து நின்று, "மதாம்," என்றார் பிரெஞ்சு மரியாதையோடு. என் கணவர் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்.

"அந்தக் கொரலு... நான் கேக்கணும்," என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தேடி வந்தன. பிரெஞ்சுக் குரலை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். "பாரிசுக்காரப் பேச்சு. ரொம்ப அவசரம்," என்றார். எல்லோரும் சிரித்தோம். பட்டினச்சேரிக்காரர் எனக்குச் செய்தது போலவே நானும் வேகத்தைக் குறைத்து வைத்தேன்.

தேநீர் குடித்து முடித்த பிறகு அக்கா கேட்டார்: "இதச் செஞ்சவங்களுக்கு நான் துஆ செய்யணும் டீச்சர். அவங்க பேரு என்னா?"

"ஒருத்தர் ரெண்டு பேர் இல்லக்கா. நெறய பேரு. வேற வேற நாடு. எழுதுனவங்க, திருத்துனவங்க, அவங்கவங்க பாஷையில மாத்திக் குடுத்தவங்க. தமிழுக்கும் ஆளுங்க இருக்காங்க."

"எங்கயாச்சும் எழுதி வச்சிருக்குமா?"

இருந்தது. அந்த மென்பொருளிலேயே, உதவிப் பகுதிக்குள், பங்களித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவ்வளவு நாளாக அதைப் பயன்படுத்தியும் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை.

"வாசிக்கச் சொல்லுங்க," என்றார் அக்கா.

திறந்து, வாசிக்க விட்டேன். கேட்டறியாத ஊர்களின் பெயர்கள், எந்த மொழி என்றே தெரியாத பெயர்கள். பலவற்றைக் குரல் கடித்துத் துப்பியது. அக்கா கைகளை ஏந்தியிருந்தார் என்று பிறகு என் கணவர் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அவருடைய உதடு முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. சற்றுப் பொறுத்து, அதன் கூடவே தம்பியின் குரலும், மெதுவாக, கொஞ்சம் பின்தங்கி, "ஆமீன்" என்று சேர்ந்துகொண்டது.

வரிசை நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.